சுவரில் ஓதம், பீரோவுக்குள் பூசணம்: வாடகை வீட்டில் என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம் தையல்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஆறு வயதுப் பையன், மாமியார். ஹாலில் ஒரு மூலையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், ஆரி வேலையும் செய்வேன்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வீடு முழுக்க நசநசப்பு. ஹாலில் தெருப் பக்கத்துச் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஊறிக் கிடக்கிறது. பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. விரல் பட்டாலே உடைந்து உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டுகிறது. காலையில் பெருக்கினால் சாயங்காலத்துக்குள் மறுபடி அரை முறம் சேர்ந்துவிடும். என் தையல் மெஷின் மோட்டாருக்கான பிளக்கும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வெளியே அதே சுவரை ஒட்டி போர்ட்டிகோவுக்குக் கீழே சம்ப்.

படுக்கையறையில் வேறு மாதிரி. அங்கே சுவர் உதிரவில்லை. ஆனால் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவரெல்லாம் கருப்புப் புள்ளிகள். பீரோவுக்குள்ளும் மக்கிய வாடை. முகூர்த்தத்துக்குத் தைக்கச் சொல்லி ஒருவர் கொடுத்த பட்டுத் துணியை எடுத்தால் மடிப்பு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கிறது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத் துணி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பையனுக்கு வேறு ராத்திரியானால் இருமல். டாக்டர் முதலில் கேட்டதே, வீட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்றுதான்.

ஹவுஸ் ஓனரிடம் சொன்னால், "ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போடுகிறீர்கள், துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறீர்கள், அதனால்தான்" என்கிறார். போன வருஷம் அவரே பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தார். அந்தச் செலவையும் இனிமேல் ஆகப்போகும் செலவையும் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். இது உண்மையில் எங்களால் வந்ததா? ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று விற்கிறதே, அதை வாங்கினால் தீருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரன் எழுதியது:

எங்கள் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அதனால் பீரோ விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது உறிஞ்சாது. பட்டுத் துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே பூக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். கடையில் கால்சியம் குளோரைடு போட்ட டப்பா கிடைக்கும், அடியில் தண்ணீர் சேரும். மூடிய பீரோவுக்குள் நன்றாகவே வேலை செய்யும். திறந்த அறையில் வைத்தால் பிரயோசனமில்லை. அந்தத் தண்ணீர் துணியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை விழும், ஜரிகையையும் கெடுக்கும். அடித்தட்டில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் எழுதியது:

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். மெஷின் மோட்டாரின் பிளக் அந்த ஊறிய சுவரில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நனைந்த சுவரில் ஸ்விட்ச் பெட்டிக்குள்ளும் ஈரம் இறங்கியிருக்கும், மெஷினின் இரும்பில் கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருகிறவர் நீங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இணைப்பை மெயினிலிருந்தே பிரிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் டெஸ்ட் பொத்தான் இருக்கும், அமுக்கியதும் டக்கென்று விழ வேண்டும். பழைய வீடுகளில் வெறும் ஃபியூஸ்தான் இருக்கும். ஃபியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

இப்போது சுவருக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஓனர் இரண்டையும் ஒன்றாக்கி உங்கள் தலையில் போடுகிறார்.

ஹால் சுவரில் இருப்பது கீழேயிருந்து ஏறும் ஓதம். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே வரும். பெரும்பாலும் மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும். நீங்கள் சொன்ன இடுப்பு உயரம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. இதைத் தடுக்கத்தான் கட்டும்போதே அஸ்திவாரத்துக்கு மேலே, சுவர் ஆரம்பிக்கும் இடத்தில், ஒன்றரை அங்குலம் போல நீர்புகாக் கலவை சேர்த்த கான்கிரீட் பட்டை ஒன்று போடுவோம். சின்ன வீடுகளில் செலவை மிச்சம் பிடிக்கப் பலர் அதை விட்டுவிடுவார்கள். போட்டிருந்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. படியேறிப் போன வீடுகளுக்கு இன்று படியிறங்கிப் போகிறோம். வெளி மண் அந்தத் தடுப்புப் பட்டைக்கு மேலே ஏறிவிட்டால், ஈரம் பட்டையைத் தாண்டிப் பக்கவாட்டில் சுவருக்குள் போய்விடும். உங்கள் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வேறு அருகில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நன்றாக மேலே வந்துவிடும். இதில் நீங்கள் ஜன்னலைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன?

அந்த வெள்ளைப் பொடி உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பு ஈரத்தில் கரைந்து மேலே வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் சுவரின் மேல்பரப்பில் தங்கிப் படிகமாகும். படிகம் வளரும்போது இடம் கேட்டுப் பூச்சைத் தள்ளும். அதனால்தான் மழை கொட்டும் நாளைவிட, விட்டுக் காயும் நாட்களில் அதிகமாகக் கொட்டும், கவனித்துப் பாருங்கள். இதன் மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தது நேர் எதிரான வைத்தியம். சுவர் காய்வதற்கு இருந்த வழியையும் அது அடைத்துவிட்டது. ஈரம் பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வரும், முடியாவிட்டால் இன்னும் உயரம் தேடும். சிலர் நான்கு அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஓதம் ஐந்தாவது அடியில் வந்து நிற்கும்.

சுவரை ஒட்டி சம்ப் இருக்கிறது என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சம்புக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். மோட்டாரையும் போடாதீர்கள். தண்ணீர் மட்டத்தை உள்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, விடிந்ததும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது.

படுக்கையறை முற்றிலும் வேறு. அங்கே தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. சமையலறை அலுமினியத் தாளை ஒரு முழத்துக்கு வெட்டிச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது. பிரித்தெடுத்தால் சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. ஹால் சுவரிலும் ஒன்று ஒட்டுங்கள். அங்கே உதிர்கிற பகுதியைச் சுரண்டிவிட்டு ஒட்டினால்தான் டேப் பிடிக்கும்.

ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஈரத்தை உறிஞ்சும் மெஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஓதம் வரும் வழியை அடைக்காமல் ஹாலில் அதை ஓட்டினால், சுவர் காயக் காய மண்ணிலிருந்து புது ஈரத்தை இழுக்கும், உப்பும் கூடவே வரும்.

மடிப்பாக்கம் தையல்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எலக்ட்ரீஷியன் வந்து அந்த பிளக்கைப் பிரித்துவிட்டார். கழற்றிய பெட்டிக்குள் திருகாணி எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஆர்சிசிபி இல்லை. மெஷினை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டேன், வெளிச்சம் குறைவுதான், பரவாயில்லை.

தாள் இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன். ஹாலில் பிரித்ததும் சுவர் பக்கம் முழுக்க ஈரம், வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. படுக்கையறையில் நேர்மாறாக இருந்தது. காலையில் தாளின் வெளிப்பக்கம் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது, உள்பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. சம்பில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

ஏசியை 20இல் வைப்போம், கொசுவுக்காக எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். காலையில் எழுந்ததும் மாமியார் ஏசியை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிடுவார், காற்று வரட்டும் என்று.

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் எழுதியது:

அந்த ஜன்னல் திறக்கும் நேரம்தான் விஷயம். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். ராத்திரி முழுக்க 20இல் ஏசி ஓடியதில் சுவர், பீரோ, மெத்தை எல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் வெளியில் இருக்கும் ஈரக்காற்று உள்ளே வந்து அத்தனை குளிர்ச்சியிலும் படியும். மற்ற இடம் ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். பீரோவின் முதுகுக்குப் பின்னால் காற்றே போகாது, அங்கே பூசணம் குடியேறும். மாமியார் செய்வது தவறில்லை, ஏசி இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி.

ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசி தானாக நிற்கும்படி டைமர் வைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். ஜன்னலை வெயில் ஏறிய பிறகு, சுவரைத் தொட்டால் சில்லென்று இல்லாதபோது திறங்கள். மழை அடிக்கும் நாளில் திறக்கவே வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, அடியில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஒரு வாளி துணி வீட்டுக்குள் காய்ந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஓனர் சொன்னதில் இது ஒன்று மட்டும் சரி. முடிந்தால் மாடியில் போடுங்கள். முடியாத நாளில் குளியலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அங்கேயே காய விடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும், அதை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 60க்குக் கீழே இருந்தால் பூசணம் வளரச் சிரமப்படும். இதையெல்லாம் செய்தும் எண்பதிலேயே நின்றால், அப்போது அந்த அறைக்கு மட்டும் மெஷின் வாங்குங்கள்.

இருக்கிற கருப்புப் புள்ளிகளைக் காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டாதீர்கள், பூசண வித்து முழுக்கக் காற்றில் பறக்கும். பையனை வெளியே அனுப்பிவிட்டு, என்-95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சையே அடைத்துவிடும். பட்டுத் துணியில் நீங்கள் எதையும் தேய்க்க வேண்டாம், பட்டு வெளுக்கத் தெரிந்த டிரைகிளீனரிடம் கொடுங்கள்.

நங்கநல்லூர் வக்கீல் குமாஸ்தா எழுதியது:

அட்வான்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் சேதப்படுத்தியதால் வந்த பழுது மட்டும் இதில் சேராது. குழாய் வாஷர், வாஷ்பேசின் பழுது போன்ற சில்லறை வேலைகள்தான் உங்கள் பக்கம். ஹால் சுவரும் சம்பும் வயரிங்கும் சந்தேகமே இல்லாமல் அவருடையது. படுக்கையறைப் பூசணத்தை மட்டும் அவர் வாதாடலாம், அதை நீங்களே துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டால் வாதம் போய்விடும்.

வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது அம்மா. தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அந்த அலுமினியத் தாள், பச்சை பூத்த பெட்டி, சம்பில் போட்ட கோடு எல்லாவற்றையும் எடுத்து, இன்ன இன்ன பழுது, சரி செய்து தர வேண்டும் என்று ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், பதிவுத் தபாலிலும் போடுங்கள். எழுதிக் கேட்டும் செய்யாவிட்டால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கழிக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். கடிதம் மரியாதையாகவே இருக்கட்டும்.

திருவான்மியூர் வீட்டுக்காரர் எழுதியது:

நான் வீடு வாடகைக்கு விடுகிறவன். கடற்கரைப் பக்கம் என்பதால் உப்போடுதான் குடித்தனம். உங்கள் ஓனருக்கு இதைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள்.

வருஷா வருஷம் பட்டியும் பெயிண்டும் அடிப்பது பணத்தைச் சுவரில் கரைப்பது. என் வீட்டில் கொத்தனாரிடம் சொல்லி, ஈரம் தெரிகிற கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சு முழுவதையும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தேன். செங்கல் இடுக்கில் இருந்த சாந்தையும் அரை அங்குலம் சுரண்டினோம். பிறகு சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு, நீர் ஏறாமல் தடுக்கும் க்ரீமை உள்ளே ஏற்றினார்கள். துளைக்குத் துளை நான்கைந்து அங்குலம், அதற்கு மேல் தள்ளிப் போடக் கூடாது என்று நான் கூடவே நின்று பார்த்தேன். அதன்பின் கொத்தனார் அடுத்த நாளே பூசலாம் என்று அவசரப்படுத்தினார், நான் விடவில்லை. ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அவ்வளவு நாள் எந்தக் குடித்தனக்காரரும் பொறுக்க மாட்டார்தான். ஆனால் தை, மாசி, பங்குனியாவது காய விடுங்கள். பூசும்போது சிமெண்ட் கெட்டியாகப் போடாமல் சுண்ணாம்புக் காரையாகப் போட்டு, மேலே சுண்ணாம்பே அடித்தேன். பளபளப்பு இல்லை, பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சுவர் மூச்சு விடும், உப்பு வந்தாலும் துடைத்தால் போய்விடும்.

அந்த மூன்று மாதமும் குடியிருந்தவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். செங்கல் தெரியும் ஹாலில் அவர்கள் விருந்தாளியை உட்கார வைக்கிறார்கள், நான் முழு வாடகை வாங்குவது நியாயமாகப் படவில்லை.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை சம்ப். அதை இறைத்து உட்புறம் நீர்புகாப் பூச்சு போடாமல் சுவரில் கை வைத்தால் அத்தனையும் வீண்.

மடிப்பாக்கம் தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதமும் படங்களும் அனுப்பினேன். முதலில் ஓனர் ஃபோனில் கத்தினார். அப்புறம் மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். சம்புக் கோட்டைக் காட்டியதும் மகன்தான், "அப்பா, நம் தண்ணீர் வரியும் சேர்ந்துதான் மண்ணுக்குப் போகிறது" என்றார். மழை முழுசாக விட்டதும் சம்பைப் பூசி, பொங்கலுக்குப் பிறகு சுவரைக் கொத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்சிசிபி இந்த வாரமே மாட்டிவிட்டார்கள். அட்வான்ஸ் பேச்சு வரவில்லை, வந்தால் அட்டவணையைக் காட்டுவேன்.

படுக்கையறையில் மீட்டர் 64இல் நிற்கிறது, முன்பு 80க்கு மேல் காட்டியது. பட்டுத் துணியில் ஓரத்தில் லேசான நிழல் மட்டும் மிச்சம். வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொன்னேன், அந்த ஓரத்தைத் தையலுக்குள் மடித்துவிடச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். சுவரைக் கொத்தும்போது கிளம்பும் தூசி பையனுக்கு ஆகாது. அந்த நாட்களில் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் எழுதியது:

கொத்துவது இரண்டு நாள் வேலைதான். அந்த இரண்டு நாளும், முடிந்தால் மறுநாளும், பையனைப் பாட்டியோடு உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். ஹாலிலிருந்து உள்ளே போகும் வாசலுக்குக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை மேலிருந்து தரை வரை டேப் போட்டு ஒட்டுங்கள். தையல் மெஷினையும் துணிகளையும் முன்னதாகவே உள்ளே கொண்டுபோய்விடுங்கள். கொத்துவதற்கு முன் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், தூசி பாதியாகக் குறையும். இடிபாட்டை அன்றன்றைக்கே மூட்டை கட்டி வெளியே அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருப்பது உப்பு, வீட்டுச் சுவர் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் மறுபடி சுவருக்கே வரும். முடிந்ததும் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், அதன்பிறகு பையன் வரட்டும்.